இலை வைக்காத தலை

எபெனேசர் லடிபோவை ஒகேஜாலா எல்லைக்கு வெளியேதான் புதைத்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம், அபாவோடோ கிராமத்துத் தேவாலயத்துக்குப் பின்னால், மரவள்ளித் தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில். முப்பது வருடத்துக்கு மேல் ஒகேஜாலா அரண்மனைக்கு எழுத்தாகவும் பேச்சாகவும் இருந்த மனிதர். அரண்மனையிலிருந்து மரியாதைக்கு ஒரு கோலாக்கொட்டைகூட வரவில்லை. வந்தது நான் ஒருத்தன்தான். அதுவும் காருக்கு எண்ணெய் மாற்றப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயர் முரைனா. கபியேசியின் கார் டிரைவர். முதலில் பழைய கபியேசிக்கு ஓட்டினேன், இப்போது புதியவருக்கு ஓட்டுகிறேன். கபியேசி என்றால் ‘கேள்வி கேட்க ஆளில்லாதவர்’ என்று அர்த்தம். எங்கள் ராஜாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். டிரைவரை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் அவர்கள் பேசுவது அத்தனையும் என் காதில் விழுந்திருக்கிறது. லடிபோவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பி.எஸ். என்பார்கள், பிரைவேட் செக்ரட்டரி என்பதன் சுருக்கம். நான் மட்டும் ‘அண்ணே’ என்பேன்.

அவருடைய அப்பா ஒரு தச்சர். எங்கள் ஊர்ப் பெரிய தேவாலயத்துக்கு பெஞ்சு செய்ய இஜெபு பக்கத்திலிருந்து வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். மகன் இங்கே பிறந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் அடி வாங்கினார், எங்கள் ஓடையில்தான் நீச்சல் பழகினார், எங்கள் பெண்ணைத்தான் கட்டினார். ஆனாலும் ஊர் மறக்கவில்லை. வந்தவன் பிள்ளை, அவ்வளவுதான். வந்தவன் பிள்ளைக்கு ஒகேஜாலாவில் வீட்டு மனை கிடையாது. எங்கள் பக்கத்தில் செத்தவர்களை அவரவர் வீட்டு முற்றத்தில்தான் புதைப்போம். மனை இல்லாதவனுக்கு இந்த ஊரில் சாகவும் இடமில்லை. இதைப் புரிந்துகொண்டால் போதும், லடிபோ அண்ணன் எதற்காக அப்படித் தவம் கிடந்தார் என்பது புரிந்துவிடும்.

அவர் அரண்மனைக்குள் வந்த கதையே வேடிக்கை. அப்போது அவர் பள்ளிக்கூட வாத்தியார். சந்தையில் கடை போட்ட பெண்கள்மேல் கபியேசி ஒரு புது வரி போட்டார். பெண்கள் இவரிடம் வந்து ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். அதைப் படித்த பழைய கபியேசி அடெயன்ஜு, “இதைப் படிச்சா எனக்கே என்மேல கோவம் வருது. எவன்டா எழுதினது? கூட்டிட்டு வாங்க. ஒண்ணு ஜெயில்ல போடறேன், இல்ல நாற்காலி போடறேன்” என்றாராம். நாற்காலியே போட்டார். வரியையும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த வரி ஏன் நியாயமானது என்று பெண்களுக்குப் பதில் எழுதியவரும் லடிபோ அண்ணன்தான். பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, சரிதான் போலிருக்கிறது என்று வரியைக் கட்டினார்கள்.

அப்படி ஒரு எழுத்து அது. கபியேசி வாயைத் திறந்தால் நெருப்புக் கொட்டும். பெரிய நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “அந்தக் கோழித் திருடன் கவர்னருக்கு எழுதுடா. என் ஊருக்கு ரோடு போடலேன்னா அடுத்த தடவை அவன் கழுதை மேல ஏறித்தான் வரணும்னு எழுது” என்பார். அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுவார். பிறகு எழுந்து நின்று வாசிப்பார்: “மாண்புமிகு ஆளுநரை மறுபடியும் எம் ஊரில் வரவேற்கும் நாளுக்காக ஆவலோடு காத்திருக்கிறோம். சாலையின் நிலையால் அந்த மகிழ்ச்சி தள்ளிப்போகிறதே என்பது மட்டுமே எம் வருத்தம்.”

கபியேசிக்கு வயிறு குலுங்கும். “டேய் லடிபோ, நான் இவ்வளவு நல்லவனாடா?”

“காகிதத்துல நல்லவர்தான், கபியேசி.”

அரண்மனையில் வேறு யார் இப்படிப் பேசியிருந்தாலும் முட்டி போட்டு வெயிலில் காய்ந்திருப்பார்கள். அண்ணனுக்கு மட்டும் அந்த உரிமை இருந்தது. அதைப் பாசம் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எழுதியதில் பாதி, பட்டம் கொடுக்கும் ஓலைகள். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதை ‘இலை வைப்பது’ என்போம். அரண்மனை முற்றத்தில் ஒரு அகோகோ மரம் நிற்கிறது. கபியேசி அதிலிருந்து இலை பறித்து ஒருவர் தலையில் வைத்துவிட்டால் அவர் தலைவர். தலைவருக்கு ஊரில் மனை உண்டு, சபையில் இருக்கை உண்டு. முக்கியமாக, அன்றிலிருந்து அவர் ஒகேஜாலாவின் பிள்ளை. அப்புறம் அவரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்க எவனுக்கும் வாய் வராது. சாராயக் கடைக்காரனுக்கு இலை வைத்திருக்கிறார்கள். லாகோஸில் லாரி ஓட்டிச் சம்பாதித்த ஒருவனுக்கு வைத்திருக்கிறார்கள். ஊருக்கே வராத ஒரு டாக்டருக்குத் தபாலிலேயே இலை போயிருக்கிறது. எல்லா ஓலையும் அண்ணன் எழுதியவை. ‘அக்கோவே’ என்று ஒரு பட்டம் உண்டு, அரண்மனை எழுத்துக்குத் தலைவர். அந்த இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. அது யாருக்கு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கபியேசியே வாய்விட்டுச் சொன்னதுதான். “அறுவடைத் திருவிழா முடியட்டும் லடிபோ, உனக்கு இலை.” எத்தனை திருவிழா முடிந்தது என்று நான் எண்ணவில்லை. அண்ணனின் மனைவி அபேகே எண்ணியிருப்பாள்.

அபேகே அக்காவின் நாக்கு சாணை பிடித்தது. அரண்மனைக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான வரிசை வீட்டில் அவர்களுக்கு இரண்டு அறை. அங்கே பயறு அரைத்து இலையில் மடித்து வேகவைத்து விற்பாள். நான் வாங்கப் போனால் என்னிடம் சொல்கிற மாதிரி அவருக்குச் சொல்லுவாள்.

“பாத்தியா முரைனா, ஊர்ல உள்ள மண்டைக்கெல்லாம் இலை தேடித் தர்றவரு தன் மண்டையை மட்டும் வெயில்ல காயப் போட்டிருக்காரு.”

“கபியேசி சொல்லியிருக்கார்” என்பார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

“சொல்லியிருக்கார்! அதை அரைச்சு இலையில மடிச்சு விக்கட்டுமா? உங்க அப்பாவை எங்க புதைச்சீங்க? தேவாலயச் சுவரோரம், பிச்சைக்காரங்களோட. நம்மளையும் அங்கயேதானே?”

அண்ணன் எழுதிக்கொண்டே இருப்பார். ஆனால் அந்த வார்த்தை அவரைக் குத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வருடம், அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, கபியேசியிடம் வாய்விட்டுக் கேட்டார். கேள்வி கேட்க ஆளில்லாதவரிடம் கேட்பது என்பது லேசான காரியம் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். கபியேசி பின்சீட்டில், அண்ணன் என் பக்கத்தில். பாதி வழி வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். பிறகு முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே, “இந்தத் திருவிழாவுல அந்த அக்கோவே விஷயம்...” என்றார்.

கபியேசி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. சிரித்தார்.

“டேய், உனக்கு இலை வெச்சா நீ தலைவர். தலைவர்னா சபையில உக்காருவே. சபையில உக்கார்றவன் ஒரு நாள் எனக்கு எதிரா எந்திரிப்பான். அந்தப் பத்துக் கிழடுங்களை நான் சமாளிக்கிறதே உன் பேனாவை வெச்சுத்தான். நீயும் அந்தப் பக்கம் போயிட்டா நான் யாரை ‘டேய்’னு கூப்பிடறது?”

அண்ணனும் கூடவே சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர் வரும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. நல்ல குதிரை என்பதாலேயே அதை வண்டியிலிருந்து அவிழ்க்காமல் வைத்திருக்கிறான் மனுஷன், அதை ஒரு பெருமையாகவும் சொல்கிறான்.

பிறகு கபியேசிக்கு உடம்பு வீங்க ஆரம்பித்தது. கை நடுக்கம் வந்தது. கையெழுத்துகூடப் போட முடியாமல், அண்ணனே கபியேசியின் கையெழுத்தைப் போடப் பழகிக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் போட்டதுதான் அசல் மாதிரி இருக்கும். கடைசியில் கபியேசியை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராணிகள் யாரும் வரக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். “அத்தனை பேரும் வந்து அழுதா நான் நோயில சாக மாட்டேன், வெள்ளத்துல சாவேன்” என்றார். கூட இருந்தது அண்ணனும் நானும்தான்.

ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து ரொம்ப நேரம் அண்ணனையே பார்த்தார். நான் வெந்நீர் பிளாஸ்கோடு கதவோரம் நின்றிருந்தேன்.

“லடிபோ, உன் இலை பாக்கி இருக்குல்ல?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதிட்டு வாடா. இதை நானே கையெழுத்துப் போடறேன். உன் கையெழுத்து வேண்டாம். நடுங்கினாலும் என்னோடது இருக்கட்டும். ஊருக்குப் போனதும் இலை.”

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காப்பி ஆறுவதற்குள் ஓலை எழுதி முடிக்கிறவர், தனக்கு எழுத உட்கார்ந்தபோது திணறிப்போனார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவார், கிழிப்பார், எழுதுவார். நான் சோறு வாங்கிக்கொண்டு வந்தேன், தொடவில்லை. மதியம் தாண்டி முடித்தார். என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். அதில் ஒரு வரி இருந்தது. “இனி இவரை எந்த ஊர் என்று எவரும் கேட்க வேண்டாம். இவர் ஊர் இதுதான்.” அந்த வரியை வாசிக்கும்போது அவர் குரல் அறுந்துபோய்விட்டது.

உள்ளே போனோம். கபியேசி தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கட்டில் பக்கத்தில் காகிதத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கபியேசி மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

“எழுப்புங்கண்ணே” என்றேன்.

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “கபியேசியை யாராவது எழுப்புவாங்களா?”

“அண்ணே, ஒரு கையெழுத்து. தோளைத் தொட்டாப் போதும்.”

“அவரா எழுந்திரிக்கற வரைக்கும் நிக்கணும். அதுதானே முறை?”

எங்கள் ஊரில் பிறந்த எவனும் கபியேசியின் தூக்கத்தைத் தொட மாட்டான். வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் நின்று பாட்டுப் பாடித்தான் எழுப்ப வேண்டும். அதுகூட பாடகனின் வேலை, செக்ரட்டரியின் வேலை இல்லை. வந்தவன் பிள்ளை, ஆனால் முறை தெரிந்தவர்களில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. வெயில் சுவரில் ஏறி ஜன்னல் பக்கம் போகும்வரை நின்றார். நர்ஸ் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போர்வையை மேலே இழுத்தாள். அண்ணன் அப்போதும் பேனாவை மூடவில்லை.

இனி நடந்ததைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் கபியேசி சாவதில்லை. அந்தச் சொல்லை அவர்மேல் போடவே கூடாது. சடங்கெல்லாம் முடிந்த பிறகு, சந்தையை மூடி, ‘கபியேசி பரண் ஏறினார்’ என்று தலைவர்கள்தான் அறிவிப்பார்கள். அதுவரை அவர் ஓய்வில் இருக்கிறார். சாப்பாடு உள்ளே போகும், தட்டு காலியாக வெளியே வரும், கடிதங்களுக்குப் பதில் போகும். ஆஸ்பத்திரி டாக்டரும் எங்கள் பக்கத்து ஆள்தான். எதுவும் கேட்காமல், “ஓய்வா ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கபியேசியைப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். பட்டு அங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அண்ணன் முதல் தடவையாகப் பின்சீட்டில் ஏறினார், ராஜாவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு. மறுநாள் பகலில் ஊருக்குள் நுழைந்தோம். எங்கள் கெட்ட நேரம், அன்றைக்குப் பெரிய சந்தை. காரைப் பார்த்ததும் ஆம்பளைகள் குப்புற விழுந்தார்கள், பெண்கள் மண்டி போட்டார்கள். “கபியேசி ஓ! கபியேசி ஓ!” சந்தையைத் தாண்டும்போது கபியேசி குதிரைவால் கவரியை ஜன்னல் வழியாக நீட்டி ஆட்டுவது வழக்கம். ஆட்டாமல் போனால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும்.

“மெதுவா ஓட்டு” என்றார் அண்ணன். கவரியை எடுத்து அந்த விறைத்த விரல்களுக்குள் செருகினார். தன் கையை அதன்மேல் பொத்திப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, கபியேசி எப்படி ஆட்டுவாரோ அதே மாதிரி. மிளகாய் விற்கிற கிழவி ஒருத்தி கையைத் தட்டிக் கத்தினாள், “ரொம்ப நாளைக்கு அப்புறம் கை நடுங்காம ஆடுதுடி! ராஜாவுக்குத் தேவலாமாயிடுச்சு!” சந்தையே ஆரவாரம் செய்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். லடிபோ அண்ணனின் முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் தாளம் தப்பவில்லை.

அரண்மனைக்குள் போனதும் வாசல் அடைக்கப்பட்டது. விஷயம் தெரிந்தவன் வெளியே போகக் கூடாது என்பதால் என்னையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சபை நடக்கிற அறையின் வாசலில் காவல் என்று ஒரு பெயர். தலைவர்கள் பத்துப் பேர். அவர்களில் பெரியவர் வலங்கைத் தலைவர். கபியேசி இருந்தவரை அவர் முன் வாயே திறக்காதவர். இப்போது கபியேசியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைத்தெரு திறந்தது மாதிரி ஆனது அந்த அறை. ஒவ்வொருவரும் ஒரு ஞாபகத்தோடு வந்தார்கள். “பஸ் ஸ்டாண்டு பக்கத்து நிலம் என் மருமகனுக்குன்னு கபியேசி போன மாசமே சொன்னார்.” “சிமெண்ட் வியாபாரிக்கு இலை வைக்கறதா வாக்குக் கொடுத்திருந்தார்.” எல்லாவற்றுக்கும் ஓலை வேண்டும், பழைய தேதியில், கபியேசியின் கையெழுத்தோடு. அண்ணன் எழுதினார். கையெழுத்தும் போட்டார். இரண்டு மூன்று நாள் இதே வேலை.

“என்னண்ணே இது?” என்றேன், சோறு கொண்டு போனபோது.

“சபை சொல்லுது. அரண்மனை வேலை நிக்கக் கூடாது, முரைனா.”

“உங்களோடது?”

அவர் அங்கியின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கடைசியா கேக்கறேன். எல்லாரும் திருப்தியா இருக்கறப்ப.”

கடைசியாகக் கேட்டார். மற்ற காகிதங்களெல்லாம் முடிந்து, தலைவர்கள் பனங்கள் குடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். அண்ணன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கி, முழந்தாளிட்டு, தன் ஓலையை எடுத்து வலங்கைத் தலைவர் முன் வைத்தார். ஆஸ்பத்திரியில் கபியேசி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார்.

வலங்கைத் தலைவர் காகிதத்தைத் தொடவில்லை.

“பி.எஸ்., கபியேசியே கையெழுத்துப் போடறேன்னாரா?”

“ஆமா பாபா.”

“அப்புறம் ஏன் போடலை?”

“எழுதிட்டுப் போனேன். தூங்கிட்டிருந்தார்.”

“சரி. எழுந்ததும் வாங்கியிருக்கலாமே?”

யாரோ வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். அண்ணன் முழந்தாளிலேயே இருந்தார். “எழுந்திரிக்கலை, பாபா.”

“எழுந்திரிக்கலையா? ஏன்? இன்னைக்குக் காலையிலகூட நல்லா சாப்பிட்டாரே. தட்டு காலியா வந்துச்சே. இப்பவே உள்ள போய் எழுப்பி வாங்கிட்டு வாயேன். ராஜா இருக்கறப்ப நாங்க யாரு உனக்கு இலை வைக்க?”

பத்துப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் கள் புரையேறி இருமினார். அண்ணன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாருக்கெல்லாம் அந்தக் கையால் நிலம் எழுதிக் கொடுத்தாரோ அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக. எங்கே எதைச் சொல்லக் கூடாது என்பதையே பிழைப்பாகச் செய்த மனிதர். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

“செத்துட்டார்யா! செத்துப் போயிட்டார்! செத்தவர் கையாலதானே உங்க எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன்!”

இரண்டு தலைவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வலங்கைத் தலைவர் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இருந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலை வீசியவனுக்கு மீன் விழுந்தால் என்ன அதிர்ச்சி? அந்தச் சொல்லைச் சொன்னவன் பேச்சு ஒகேஜாலாவில் அதற்கப்புறம் எந்த வழக்கிலும் செல்லாது. எந்தக் கையெழுத்து யார் போட்டது என்று தெரிந்த ஒரே ஆளின் வாய்க்கு, அவர் வாயாலேயே பூட்டுப் போட்டாகிவிட்டது.

“இவன் என்ன சொன்னான்? எல்லாரும் கேட்டீங்கல்ல?” என்றார். “அந்தக் காலமா இருந்தா தலை போயிருக்கும். ஓடையைத் தாண்டிப் போகட்டும். வந்தவன் பிள்ளைக்கு நம்ம முறை எப்படித் தெரியும்?”

முறை தெரியாதாம்! முறை தெரிந்ததால்தானே அய்யா அந்தக் கட்டில் பக்கத்தில் பொழுது சாயும் வரை நின்றார்! நான் கத்தியிருக்க வேண்டும். டிரைவர் கத்தினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிற்பாடு முறைப்படி சந்தை மூடப்பட்டது. கபியேசி பரண் ஏறினார் என்று முரசு சொன்னது. சிமெண்ட் வியாபாரி புது இலையோடு முன்வரிசையில் நின்று அழுதான். அதற்குள் அண்ணனும் அபேகே அக்காவும் இஜெபு பக்கம் அப்பாவின் ஊருக்குப் போயிருந்தார்கள். அங்கே சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டார்களாம், “ஒகேஜாலா பி.எஸ். தானே நீங்க? இங்க எதுக்கு வந்தீங்க?” மழைக்காலம் முடிவதற்குள் திரும்பிவிட்டார். ஒகேஜாலாவுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் ஓடைக்கு அந்தப் பக்கம் அபாவோடோவில், மரவள்ளி அரைக்கிற ஒரு அம்மாளின் வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். வாசலில் உட்கார்ந்தால் அரண்மனையின் தகரக் கூரை தெரியும். அபேகே அக்கா நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போடுவாள். அவர் மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

புதுக் கபியேசி லாகோஸில் வக்கீலாக இருந்தவர். தன் கூடப் படித்த ஒரு பையனைச் செக்ரட்டரியாகக் கூட்டி வந்தார். பெயர் தெமிலாதே. பெரிய படிப்பு, நல்ல சட்டை. ஆனால் ஒரு கவர்னரைத் திட்டாமல் திட்டத் தெரியாது, ஒரு தலைவரைக் கும்பிடாமல் கும்பிடத் தெரியாது. முதல் கடிதத்திலேயே பக்கத்து ஊர் ராஜாவோடு பெரிய சண்டை மூண்டது. அப்புறம் ஒரு நாள் வலங்கைத் தலைவரே என்னைக் கூப்பிட்டார்.

“முரைனா, இந்தக் காகிதத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு போ. அவன்கிட்ட சரி பண்ணி வாங்கிட்டு வா. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

நான் கொண்டு போனேன். அண்ணன் மூஞ்சியில் காறித் துப்புவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடினார்.

“என்னண்ணே, வெக்கமா இல்லையா?” என்றே கேட்டுவிட்டேன். “துரத்தினவனுங்களுக்கு எழுதறீங்களே?”

“இதுல பாரு, ‘நாங்கள்’னு எழுதியிருக்கான். ராஜா ‘நாம்’னுதான் சொல்லணும்” என்றார். அவ்வளவுதான் பதில்.

உள்ளே உலக்கைச் சத்தம் நின்றது. “எழுதட்டும் விடு” என்றாள் அபேகே அக்கா. “சோறு போடாட்டியும் உயிரோட இருக்க அது வேணும் அவருக்கு.”

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ‘எம் அரண்மனையிலிருந்து’ என்று ஆரம்பிக்கிற கடிதங்கள் எல்லாம் மரவள்ளி மணக்கிற அந்த அறையிலிருந்துதான் போயின. போன திருவிழாவுக்கு முன்னால் என் கையில் ஒரு வெறும் காகிதத்தையும் ஒரு பெயரையும் கொடுத்து அனுப்பினார்கள். அக்கோவே பட்டம். தெமிலாதேவுக்கு. ஊருக்கு வந்து இரண்டு அறுவடைகூட ஆகாத லாகோஸ்காரனுக்கு.

காரை ஓடைக்கரையில் நிறுத்தி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். உள்ளே போனார். அபேகே அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான், காகிதத்தோடு வந்துவிட்டார்.

“அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?”

“எழுதி வெச்சதுதானே இருக்கு. பேரை மட்டும் மாத்தினேன்.”

நான் திட்டினேன். அவரை, ராஜாக்களை, பரணை, மரத்தை, என்னை, எல்லாரையும் திட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது, படுக்கையில்தான் கிடந்தார். திருவிழா முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இலை வெச்சாச்சா?”

“வெச்சாச்சுண்ணே.”

“ஓலையை யார் வாசிச்சது?”

“வலங்கைத் தலைவர்தான்.”

“அவருக்கு மூச்சு எங்க விடணும்னு தெரியாது” என்றார். போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். பிறகு, “சனங்க கை தட்டினாங்களா?” என்றார்.

“தட்டினாங்கண்ணே. முற்றமே அதிர்ந்துச்சு.”

“எந்த வரியில?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் ஊர் இதுதான்ங்கற வரியிலண்ணே.”

“அந்த வரிக்குத் தட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார் லடிபோ அண்ணன்.